ஒன்றும் போடாத பாத்தி

மண்ணை ஆராய்வது சுலபம். அந்த மண் வரைக்கும் போய்ச் சேர்வதுதான் கஷ்டம். வழியில் நிலத்துக்காரர் இருப்பார், அவர் வீட்டுக்காரம்மா இருப்பார், பக்கத்து வயல்காரர் இருப்பார், ஆடு இருக்கும், ஆட்டுக்காரர் இருப்பார், எல்லாருக்கும் மேலே எல்லைச் சாமி இருக்கும். திட்டப் பணியில் சேர்ந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்புக் கடிதம் வருமா வராதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சக களப்பணியாளர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் செருப்பிலும் இதே மண்தான் ஒட்டியிருக்கும்.

ராமநாதபுரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருடமாகத் தற்காலிகமாக வேலை பார்க்கிறேன். கடைசியாகக் கிடைத்த வேலை இது: கரையில் ஒதுங்கும் கடல்பாசியையும் கருவேலங் கரித்தூளையும் மக்கவைத்து, உப்பேறிப்போன நிலத்தில் போட்டால் நிலம் தேறுமா என்று பார்ப்பது. ஆறு வயல்கள். அதில் ஒரு வயலைப் பற்றி மட்டும்தான் இங்கே சொல்லப் போகிறேன். மற்ற ஐந்தைப் பற்றித் திட்ட அறிக்கையில் விவரமாக இருக்கிறது.

செத்ததா, மயங்கியதா

சாயல்குடியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற பாதையில் காளிமுத்துவின் வயல், ஒன்றரை ஏக்கர். குண்டு மிளகாய் போட்டு நன்றாக வாழ்ந்த நிலம். பக்கத்தில் இறால் குட்டை வெட்டி நாலைந்து வருடம் ஆனதும் உப்புத்தண்ணீர் ஊறி ஊறி வந்து, மிளகாய்ச் செடி ஓரம் கருகி நிற்க ஆரம்பித்தது. குட்டைக்காரரே வந்து, இனி இது வெள்ளாமைக்கு ஆகாது, குத்தகைக்குக் கொடுத்துவிடுங்கள், இதையும் குட்டையாக வெட்டிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். திருப்பூரில் இருக்கிற இரண்டு மகன்களும் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். ஒருமுறை குட்டை வெட்டினால் அந்த நிலம் திரும்ப வயலாகாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

காளிமுத்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். நான் போய் நின்று பாசி, கரி, உப்பு என்று அரைமணி நேரம் பேசியதைக் கேட்டுவிட்டு, இரண்டு வெள்ளாமை பார்ப்பேன், தேறவில்லை என்றால் குட்டைக்குக் கொடுத்துவிடுவேன் என்று முடித்துக்கொண்டார். உரச்சாக்கைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பஞ்சவர்ணம் மட்டும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். விஞ்ஞானிகள் பெரிய கூட்டத்தில் கேட்கிற எந்தக் கேள்வியும் என்னை இப்படி உலுக்கியதில்லை.

"மத்ததெல்லாம் எங்களுக்கு வெளங்காது மேடம். இந்த மண்ணு செத்துப்போச்சா, இல்ல மயங்கிக் கெடக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க."

மிச்ச சாமி

ஒரு வயலில் மண் மாதிரி எடுப்பதென்றால் ஒன்பது இடத்தில் குழி தோண்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பங்கைத் தள்ளி, திரும்பக் கலந்து, திரும்பத் தள்ளி, கடைசியில் அரைக்கிலோ துணிப்பையில் கட்டிக்கொண்டு வர வேண்டும். இதில் எங்கேயும் தப்பு நடக்க வாய்ப்பில்லை என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். காளிமுத்துவின் வயலை ஒட்டி ஒரு அய்யனார் கோயில் இருக்கிறது. நான் தோண்டிய ஒன்பதாவது குழி, கோயிலின் எல்லைக்கல்லைத் தாண்டி இரண்டடி உள்ளே விழுந்துவிட்டது. வெயிலில் நான் கவனிக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போனால் அந்தச் சாமியும் கூடவே போகும். வெளியூரில் குடியேறியவர்கள் அப்படித்தான் தங்கள் சாமியைக் கொண்டு போய்க் கோயில் கட்டுகிறார்கள். ஊர் கூடி உத்தரவு கேட்டு, மஞ்சள் துணியில் முடிந்து எடுக்க வேண்டியதை நான் நம்பர் எழுதிய பையில் கட்டிப் பஸ்ஸில் கொண்டு போய்விட்டேன். மூன்றாம் நாள் பூசாரியும் நாலு பேரும் ராமநாதபுரத்துக்கே வந்துவிட்டார்கள். சாமியை எந்த ஊருக்குக் கொண்டு போகிறேன் என்று பூசாரி கேட்டார். ஆய்வுக்கூடம் என்றேன். அங்கே விளக்காவது ஏற்றுகிறீர்களா என்றார். டியூப்லைட் எரிகிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திருப்பிக் கொடுப்பதென்று முடிவானது. அதற்குள் மண் காய்ந்து, இடிபட்டு, சலிக்கப்பட்டு, பாதி அமிலத்தில் கரைந்து சாக்கடைக்குப் போயிருந்தது. மிச்சத்தை ஒரு புதுத் துணியில் முடிந்து, தேங்காய் பழத்தோடு போய்க் கோயிலில் கொடுத்தேன். பூசாரி முடிச்சைக் கையில் ஏந்தி, இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"கொண்டுபோனது முழுப்பிடி, கொண்டாந்தது அரைப்பிடி. மிச்ச சாமி எங்க தாயி?"

பாசிக்குக் குளியல்

பாசிக்கு நாங்கள் நம்பியது தங்கச்சிமடம் பக்கத்துச் செலின் அக்காவை. அவர் வீட்டுக்காரர் நாட்டுப்படகில் போகிறவர். அக்கா கரையில் ஒதுங்கும் பாசியை வாரிச் சாக்குக் கட்டித் தருவார். நான் கையில் நோட்டு வைத்திருப்பதால் என்னை டீச்சர் என்பார். எவ்வளவு சொல்லியும் அதை மாற்ற முடியவில்லை. ஜெபமாலை மாதா முன்னால் எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினாராம், டீச்சருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று. டீச்சர் வேலைதான் நிரந்தரமாகி இருக்கிறது.

பாசியில் கடல் உப்பு இருக்கும். உப்பு நிலத்துக்கு அதை அப்படியே கொண்டு போனால் கடன் மேல் கடன் ஏற்றிய கதையாகிவிடும். எனவே நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசிக் காயவைக்க வேண்டும் என்று எங்கள் செய்முறைத் தாளில் எழுதியிருந்தது. ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியது. அதை நானே செலின் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அக்கா தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள், லாரித் தண்ணீருக்காக. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க பிள்ளைக குளிக்கவே தண்ணி இல்ல டீச்சர். நீங்க பாசியக் குளிப்பாட்டச் சொல்லுறீகளே."

தீர்த்தமாடிய பஸ்

கடைசியில் கோடை மழைதான் பாசியை அலசிக் கொடுத்தது. கரையிலேயே குவித்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அலசி முடிந்த பாசியில் இரண்டு சாக்கு உடனே ஆய்வுக்கூடத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. ஜீப் வழக்கம்போலப் பட்டறையில் இருந்தது. ராமேசுவரத்திலிருந்து வந்த பஸ்ஸில் சாக்குகளை ஏற்றினேன். பஸ் முழுக்க தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு ஊர் திரும்பும் யாத்ரிகர்கள். பாம்பன் பாலம் ஏறும்போது காற்று ஜன்னல் வழியாக வந்து சாக்கைத் தடவிக்கொண்டு பின்சீட்டு வரைக்கும் போனது. ஒரு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிவ சிவா என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே படகுகளைப் பார்த்துக்கொண்டு, சாக்குக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லாதவள் போல உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் விடவில்லை. மண்டபம் வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"இருவத்திரெண்டு தீர்த்தத்துலயும் முங்கிட்டு வந்த சனம்மா இது. நீங்க ஏத்துன ரெண்டு சாக்குல அம்புட்டுப் பாவமும் திரும்ப ஏறிருச்சு."

கரித்தூள்

கரிக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் இல்லாத ஊர் உண்டு, கருவை இல்லாத ஊர் கிடையாது. கமுதி ரோட்டில் கருவை விறகை மூட்டம் போட்டுக் கரியாக்குகிற ஒருவரிடம் போனேன். கட்டிக்கரியைக் காட்டி விலை சொன்னார். வேண்டாம், அடியில் கிடக்கிற தூள்தான் வேண்டும் என்றேன். எதற்கு என்றார். மண்ணில் போட என்றேன். அவர் வேலையாட்களைக் கூப்பிட்டு, இந்த மேடம் சொல்வதை எல்லாரும் ஒருதரம் கேளுங்கள் என்றார். முதுநிலைப் பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டயம், பதினோரு வருட அனுபவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பவும் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நாங்க தூளச் சும்மா அள்ளி மண்ணுல கொட்டுறோம். நீங்க வெல குடுத்து வாங்கி மண்ணுல கொட்டப்போறீக. படிச்சவுக செஞ்சா சரியாத்தான் இருக்கும் மேடம், ஏத்திவிடுறேன்."

நாலு பலகை

காளிமுத்துவின் வயலில் நாலு பாத்தி பிரித்தோம். ஒன்றில் பாசி உரம், ஒன்றில் கரித்தூள், ஒன்றில் இரண்டும். நாலாவது பாத்தியில் எதுவும் போடக்கூடாது. மற்ற மூன்றும் தேறினதா என்பதை இதோடு வைத்துத்தான் ஒப்பிட முடியும். இது இல்லாவிட்டால் மழையில் விளைந்ததா, உரத்தில் விளைந்ததா என்று சொல்ல வழியில்லை. ஆராய்ச்சிக்கு உயிரே அந்த ஒன்றும் போடாத பாத்திதான். இதை நான் காளிமுத்துவுக்கு நாலு தடவை சொன்னேன். அவர் தலையாட்டினார். பஞ்சவர்ணத்துக்கும் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை, பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு பாத்தி முன்னாலும் பலகை நட்டு எழுதி வைப்பது எங்கள் வழக்கம். நாலாவது பலகையில் "ஒன்றும் போடாதது" என்று பெயிண்டில் எழுதினோம். அதிலிருந்து காளிமுத்துவுக்கு அந்தப் பாதையில் நடக்க முடியவில்லை. ஆட்டோவை நிறுத்தி வாசித்துவிட்டுப் போகிறார்களாம். மண்ணுக்கு வஞ்சகம் செய்கிறவன் என்று ஊரெல்லாம் போர்டு வைத்தது போல இருக்கிறதே என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். பலகையை எடுக்க அனுமதி கேட்டு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. பக்கத்து வயல்காரர் ஒருநாள் வரப்பில் நின்று பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஒண்ணும் போடாம இருக்குறதுக்கு ஆபீஸ்லருந்து ஆளு வரணுமாக்கும். எங்க வயலு பூரா அப்பிடித்தான் கெடக்கு, வந்து அளந்துக்கிருங்க."

தாள் தின்ற ஆடு

திட்டத்தில் இன்னொரு சங்கதியும் இருந்தது. வெயில் மண்ணைச் சுட்டால் அடியில் இருக்கிற உப்பு மேலே வரும். அதனால் செடிக்கு நடுவே மண்ணை மூட வேண்டும். பிளாஸ்டிக் தாள் போட்டால் அது தலைமுறைக்கும் மக்காது என்பதால், பாசிக்கூழில் பனைநார்த் தும்பைக் கலந்து எங்கள் நிலையத்திலேயே ஒரு தாள் தயாரித்தார்கள். ஒரு வெள்ளாமை முடியும்போது தானாக மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். பார்க்கக் கருவாட்டுக் கலரில் இருக்கும். அதைச் செய்தவர் அதை ஒரு குழந்தையைப் போலக் காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கார்த்திகையில் மூன்று பாத்தியிலும் விரித்து, ஓரத்தில் மண் அணைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

மறுவாரம் போனால் தாளைக் காணோம். வேலி ஓரம் சாத்தையாவின் ஆடுகள் அசை போட்டுக்கொண்டு நின்றன. ஒரு செடியைக்கூடக் கடிக்கவில்லை. தாளை மட்டும் தேடித் தேடித் தின்றிருந்தன. சாத்தையா ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டுகிற மனிதர். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, தப்புத்தான் என்றார். நான் தலையில் கைவைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தாள் செய்தவரிடம் என்ன சொல்வது என்பதுதான் என் கவலை. பஞ்சவர்ணம் வந்து, சாத்தையா அண்ணனோடு நான் பேசித் தீர்த்துக்கொள்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார். எப்படித் தீர்ப்பார் என்று நான் கேட்கவில்லை. சாத்தையா மட்டும் என்னைத் தேற்றுகிற மாதிரி கிட்டே வந்தார்.

"எங்க ஆடு கண்டதையும் திங்காது மேடம். தின்னுருச்சுன்னா அது நல்ல சாமானுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

ஒன்று போச்சு

அந்த வருடம் மழை கார்த்திகை பாதியோடு நின்றுபோனது. மாசியில் நாலு பாத்தியிலும் செடி முழங்காலுக்குக் கீழேயே நின்றது. காய் பறித்து எடை போட்டோம். பாசிக்கும் கரிக்கும் ஒன்றும் போடாததற்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை, எல்லாமே சவலை. முதல் வருடம் இப்படித்தான் இருக்கும், உரம் மண்ணில் பிடிக்க நாளாகும் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அதே வாரம் குட்டைக்காரர் வெள்ளைக் காரில் வந்து வரப்பில் நின்று, அளவுநாடா போடாத குறையாக நிலத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். காளிமுத்து பறித்த மிளகாயைக் கையில் அள்ளிப் பார்த்தார், திரும்பச் சாக்கில் போட்டார்.

"ஒண்ணு போச்சு. ஒண்ணு இருக்கு."

புழுக்கை

சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் வயல் சும்மா கிடக்கும். எங்களுக்கும் அந்த நாட்களில் அறிக்கை எழுதுகிற வேலை. ஆவணியில் இரண்டாம் வெள்ளாமைக்கு மண் எடுக்கப் போனேன். மூன்று பாத்தி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒன்றும் போடாத பாத்தியில் மட்டும் மண் கறுத்துப் பொதபொதவென்று இருந்தது. குனிந்து கிளறினேன். ஆட்டுப் புழுக்கை. ஒன்றிரண்டு இல்லை, கூட்டி அள்ளலாம். நாலு ஓரத்திலும் முளைக்குச்சி அடித்த துளைகள், பட்டி வலை கட்டிய தடம். தாள் தின்ற குற்றத்துக்குச் சாத்தையா இங்கே கிடை போட்டிருக்கிறார், மூன்று ராத்திரி மந்தையை மடக்கி. காசு வாங்காமல் கிடை போட்டுக் கணக்குத் தீர்ப்பது இந்தப் பக்கத்து நியாயம். தீர்ப்பு எழுதியவர் பஞ்சவர்ணம்.

எனக்குக் கோபம் வந்தது. அதற்கு மேல் அசதி வந்தது. ஒப்பீட்டுப் பாத்தி கெட்டுப்போனால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும்: அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த வயலைத் திட்டத்திலிருந்து நீக்குவார்கள். நீக்கினால் இரண்டாம் வருடத்துக்குப் பாசி உரம் கிடையாது, கரித்தூள் கிடையாது. உரம் நின்றால் இரண்டாம் வெள்ளாமைக்குக் காளிமுத்து காத்திருக்கமாட்டார். புரட்டாசியில் இங்கே விதை விழாது, பொக்லைன்தான் இறங்கும். நான் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டு, எத்தனை தடவை சொன்னேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

"நாலு பேரு ஒக்காந்த பந்தியில மூணு எலைக்கு மட்டும் சோறு வச்சிட்டுப் போக எனக்கு மனசு வரல மேடம்."

பச்சை

அன்றைய குறிப்பேட்டில் நாலாவது பாத்திக்கு நேராக "ஒன்றும் போடவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய். நீங்கள் யாராவது இப்படி எழுதியிருக்கிறீர்களா என்று கேட்கமாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம். உரமும் கரியும் வழக்கம்போல வந்து இறங்கின. அந்த வருடம் மழையும் குறைவைக்கவில்லை. தையில் போய்ப் பார்த்தால் நாலு பாத்தியும் பச்சை. இரண்டும் சேர்த்துப் போட்ட பாத்தி முதலில் நின்றது, அதற்கு ஒரு விரற்கடை பின்னால் ஒன்றும் போடாத பாத்தி. எங்கள் திட்டத் தலைவர் பார்வையிட வந்தபோது, எந்தப் பாத்தி என்று கேட்காமலே நேராக அதற்குள் போய் நின்று, கை நிறைய மிளகாய்ப் பழத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகுதான் பலகையைப் படித்தார்.

பங்குனியில் எடைக் கணக்கு முடிந்தது. கம்ப்யூட்டரில் நாலு கோடுகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தலைவர் என்னைக் கூப்பிட்டு எங்கே தப்பு என்றார். நான் சொல்லிவிட்டேன்: ஆடு, தாள், கிடை, என் பொய், எல்லாம். நாலாவது பாத்தியைத் தூக்கிப் பிடித்தது கிடையா, மழையா, பக்கத்துப் பாத்தியிலிருந்து கரைந்து வந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. வயலை அறிக்கையிலிருந்து நீக்கினார், முன்பக்கத்தில் இருந்த என் பெயரையும் நீக்கினார், என்னைக் களத்திலிருந்து எடுத்து மண் சலிக்கிற அறையில் போட்டார். மூன்றும் நியாயம்தான், எனக்கு மறுபேச்சு இல்லை. நான் அறையை விட்டு வெளியே வரும்போது அவர் அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெளையலைன்னா மேல பதில் சொல்லணுமேன்னுதாம்மா இத்தனை வருசமா பயந்துக்கிட்டு இருந்தேன். வெளைஞ்சதுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்னு நெனைக்கலை."

குழி

சலிப்பறைக்குப் போவதற்கு முந்தின நாள் காளிமுத்து வீட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானாகப் போனேன். களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நெடி தூக்கியது. தும்மிக்கொண்டேதான் சொல்ல முடிந்தது: உங்கள் வயல் எங்கள் கணக்கில் இல்லை, இந்த மண் தேறியது என்று எங்கள் அறிக்கை சொல்லாது, தேறவில்லை என்றும் சொல்லாது, உங்கள் வயல் இருந்ததாகவே சொல்லாது. பஞ்சவர்ணத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. தான் கிடை போட்டதால் என் வேலைக்குப் பங்கம் வந்ததா என்று கேட்டார். வேலை இருக்கிறது, வெயில் மட்டும்தான் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய் ஒரு பை நிறைய வத்தலை அள்ளி வந்து என் வண்டியில் மாட்டினார். எனக்கு அழுகை வந்தது, நெடியின் மேல் பழியைப் போட்டேன்.

நிலம் குட்டைக்குப் போகிறதா என்று கேட்கத்தான் வந்தேன், அதைக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு வெள்ளாமை முடிந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பஞ்சவர்ணம் கேட்ட கேள்வி அப்படியே களத்தில் கிடக்கிறது. காளிமுத்துவே வத்தலைக் காலால் கோதிவிட்டுக்கொண்டு, குட்டைக்காரர் போன வாரம் பத்திரத்தோடு வந்திருந்தார் என்றார். பிறகு, என் அனுபவத்தில் முதல் தடவையாக, பத்து வார்த்தைக்கு மேல் பேசினார்.

"மயங்கிக் கெடந்த ஆளு இப்பத்தான் எந்திரிச்சு ஒக்காந்து கஞ்சி குடிச்சிருக்காக, அவுகளப் போயிக் குழிக்குள்ள எறக்கச் சொல்லுறீகளே, நீங்க மனுசந்தானான்னு கேட்டேன் மேடம். காரத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு."

அறிக்கை போன மாதம் அழகாக அச்சாகி வந்திருக்கிறது. அதில் சரியாக விளையாத வயல்கள் ஐந்தும் படத்தோடு இருக்கின்றன, விளைந்த வயல் ஒன்றும் அதற்குக் காரணமான ஆடும் நானும் மட்டும்தான் இல்லை.